ஒரு பிள்ளை குறைந்தால் 15,000 போச்சு: பள்ளி மானியம், இலவசக் கல்வி, உங்களுக்கு நடந்தது என்ன?

ஈராசிரியர் பள்ளி:

செப்டம்பரில் நடந்தது. இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை நான். பெரிதாக நினைக்காதீர்கள், நானும் இன்னொரு டீச்சரும்தான் ஐந்து வகுப்புக்கும். மணி அடிப்பதும் நான், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகை ஏற்றுவதும் நான்.

பள்ளி மானியக் கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரியும். 30 பிள்ளை வரை 10,000. 31 முதல் 100 வரை 25,000. செப்டம்பர் 30-ஆம் தேதி எத்தனை பேர் என்பதுதான் எண்ணிக்கை. அந்தத் தேதி நெருங்கும்போது என்னிடம் சரியாக 31 பேர்.

காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா வந்து டிசி கேட்டார். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு போகிறார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நல்லா இருங்கம்மா" என்று சொல்லி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "லீவு முடிஞ்சு வந்து வாங்கிக்கோயேன்மா, இப்ப என்ன அவசரம்?" அவருக்குப் புரியவில்லை. அங்கே பள்ளியில் டிசி கேட்கிறார்களே டீச்சர் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உள்ளே வந்து இன்னொரு டீச்சரிடம், "இவ போனா பதினஞ்சாயிரம் போச்சு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். பரீட்சை அட்டையை வெயிலுக்குத் தலையில் வைத்துக்கொண்டு. "டீச்சர், நான் போனா உங்களுக்குக் காசு போயிடுமா?" என்று கேட்டாள்.

மத்தியானமே டிசி எழுதிக் கொடுத்துவிட்டேன். 30 ஆனது. 10,000 ஆனது. அதிலும் பத்து சதவீதம் துப்புரவுக்கு ஒதுக்கியாக வேண்டும். மீதியில் சாக்பீஸ், பதிவேடு, குழாய், பல்பு, கதவுக் கொண்டி. இந்த மானியம் தரும் சமக்ர சிக்ஷா திட்டம் தொடங்கியது 2018-ல். அன்றைக்கு நூறு பிள்ளைப் பள்ளிக்கு 25,000 என்றார்கள், இன்றைக்கும் 25,000தான். அதற்குள் பெயின்ட் டப்பா விலை என்ன ஆனது என்று கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இதுபோல உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். ஆலோசனை வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

வரி கட்டுபவன்:

தப்பாக நினைக்காதீர்கள் மேடம். 30 பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் சம்பளம் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்தீர்களா? 10,000 பத்தவில்லை என்கிறீர்கள், சம்பளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் வருமான வரியோடு 4% செஸ்ஸும் கட்டுகிறேன், அதில் கல்வி என்ற பெயரும் இருக்கிறது. என் அனுபவம் சின்னது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான் படித்த பள்ளியை எட்டிப் பார்த்தேன். நான் படித்தபோது 140 பேர். இப்போது 7 பேர். என் பெயரைக் கிறுக்கி வைத்த பெஞ்சு அப்படியே கிடந்தது, அதன் மேல் மூடாத அரிசி மூட்டை. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டு ஒரு வேன் விட்டால் எல்லோருக்கும் நல்லது இல்லையா?

ஈராசிரியர் பள்ளி:

அந்த வேனுக்கு யார் காசு கொடுப்பார்கள் சார்? ஆறு வயதுப் பிள்ளை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பதால்தான் அந்தப் பள்ளியே அங்கே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்ட விதிகளை எடுத்துப் படியுங்கள். சம்பளத்தில் குழாய் மாற்ற முடியாது. மாற்றியிருக்கிறேன் என்பது வேறு கதை.

குழுத் தலைவி:

நான் எட்டாவது வரைதான் படித்தேன். என் பையன் டைப் செய்து தருகிறான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. என் பிள்ளை நாலாவது படிக்கிறது, பெற்றோரில் ஒரு அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்று சொல்லி என்னைப் போட்டார்கள். வெறும் கையெழுத்துதான் அக்கா, வேறு ஒன்றுமில்லை என்றார்கள்.

பொம்பளைப் பிள்ளைகள் கழிப்பறைக் கதவு உளுத்துப்போய்க் கீழ்ப்பாதி இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும். கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். டீச்சரும் நானும் ஹார்டுவேர் கடைக்குப் போய் பிவிசி கதவு விலை கேட்டோம். அது ஜனவரி. பணம் வரட்டும் என்று இருந்தோம். மார்ச் மூணாவது வாரம் லிமிட் வந்தது, அதாவது இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று கணக்கில் ஏற்றுவது. அதற்குள் விலை ஏறிவிட்டது. கடைக்காரர் தெரிந்தவர், "எடுத்துட்டுப் போங்கக்கா, பில்லு போட்டுத் தர்றேன், காசு அக்கவுண்டுக்கு வரட்டும்" என்றார். அவரே ஆளையும் அனுப்பி மாட்டிக் கொடுத்தார். இரண்டு கதவு, கூலியோடு 6,400.

கடைக்காரருக்குப் பணம் அனுப்பச் சொல்லும் பி.பி.ஏ. தாளில் நானும் டீச்சரும் கையெழுத்துப் போட்டு பேங்கில் கொடுத்தோம். அவர் அக்கவுண்ட் நம்பரில் ஏதோ ஒரு எழுத்து மாறிவிட்டதாம், திரும்பி வந்துவிட்டது. மறுபடி ஏற்ற உட்கார்ந்தால் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. மார்ச் 31 ராத்திரி வரை டீச்சர் லேப்டாப்பை மூடவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி பார்த்தால் லிமிட் பூஜ்யம். வந்த பணத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரில். நான் வேலைக்குப் போக அங்கேதான் நிற்க வேண்டும். அவர் ஒரு நாள் கூடக் காசு கேட்டதில்லை. என்னைப் பார்த்தால் ஒன்றே ஒன்று கேட்பார். "கதவு நல்லா இருக்காக்கா?" நல்லா இருக்குண்ணே என்பேன். இப்போது ஒரு ஸ்டாப் முன்னாடியே போய் ஏறுகிறேன்.

ஓய்வு பெற்றவன்:

பாவம் தங்கை. எனக்கும் இது நடந்திருக்கிறது, என் காலத்தில் காசோலை. மார்ச் 31 அன்று வங்கி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் உங்கள் இருவருக்கும் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும்.

முதலில், கடைக்காரரின் கணக்கு விவரத்தை ஜூன், ஜூலையிலேயே வாங்கிப் அரசுப் பணம் பட்டுவாடா செய்யும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் விற்பனையாளராகப் பதிந்துவிட வேண்டும். பதிந்ததும் ஒரு ரூபாய்க்கான குழாய் வாஷராவது வாங்கி அனுப்பிப் பார்த்துவிட வேண்டும், கணக்கு சரியா என்று அப்போதே தெரிந்துவிடும். பாஸ்புக் முதல் பக்கத்தை நகல் எடுத்துக் கோப்பில் வையுங்கள், வாயால் சொன்ன எண்ணை நம்பாதீர்கள், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம், ஓ என்ற எழுத்து இல்லை, பத்துப் பேரில் மூன்று பேர் அங்கேதான் விழுவார்கள். இரண்டாவது, குழுத் தீர்மானத்தில் தொகையை "வரை" என்று போட்டு எழுதுங்கள், விலை ஏறினால் மறுபடி கூட்டம் கூட்ட வேண்டாம். மூன்றாவது, நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனியாக வருகிறதே, தொடக்கப் பள்ளிக்கு 5,000, 5,000, அதிலிருந்து கதவு வாங்கிவிடலாம் என்று ஒருவரும் யோசிக்க வேண்டாம், தணிக்கையில் மாட்டுவீர்கள். நான் பார்த்திருக்கிறேன். நான்காவது, பழைய மாணவர்களைப் பிடியுங்கள். 2022 டிசம்பரில் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்று அதற்கே ஒரு திட்டம் தொடங்கினார்களே, அதில் உங்கள் பள்ளித் தேவையை ஏற்றினீர்களா? ஐந்தாவது, அந்த 31 கணக்கைப் பாருங்கள். 30 பிள்ளைக்கு 10,000 என்றால் தலைக்கு 333 ரூபாய். 31 பிள்ளைக்கு 25,000 என்றால் 806 ரூபாய். 100 பிள்ளைக்கு அதே 25,000, தலைக்கு 250. 101-ஆவது பிள்ளை வந்தால் 50,000, தலைக்கு 495. படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகிறது. ஆக, ஆகஸ்டிலேயே அங்கன்வாடிப் பட்டியலை வாங்கி, ஐந்து வயது நிரம்பியவர்களை

ஈராசிரியர் பள்ளி:

சார், பாதியில் நிற்கிறது. பரவாயில்லை. ஆலோசனை வேண்டாம் என்று எழுதியிருந்தேன்.

ஓய்வு பெற்றவன்:

போனில் டைப் செய்கிறேன் அம்மா, பேரன் பிடுங்கிவிட்டான். சேர்த்துவிட வேண்டும் என்று சொல்ல வந்தேன். ஐ.எஃப்.எஸ்.சி. விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்.

கல்லாப்பெட்டி:

அரசுப் பள்ளிக் கதை மட்டும்தானா? நான் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் கணக்கு எழுதுகிறவன். ஆர்.டி.இ. 25%, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் இடம், அதைப் பற்றிச் சொல்கிறேன். திட்டுவீர்கள் என்று தெரியும்.

அரசு எங்களுக்குத் திருப்பித் தரும் தொகை எங்கள் கட்டணம் அல்ல. ஒரு பிள்ளைக்கு அரசு செலவழிக்கும் தொகை, எங்கள் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. சட்டம் 2009-ல் போட்டபோதே அப்படித்தான் எழுதியிருக்கிறது, சரி. ஆனால் அது எப்போது வரும் என்றுதான் யாராலும் சொல்ல முடியாது. நான் சம்பளப் பட்டியல் போடுகிறேன், பஸ் டிரைவருக்கு "வந்ததும் தர்றேண்ணே" என்று சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது அது இல்லை. 2025. பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று மத்திய அரசு சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை நிறுத்தியது, மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது, இதெல்லாம் பேப்பரில் படித்தீர்கள். அதனால் அந்த வருடம் ஆர்.டி.இ. விண்ணப்பத் தளமே திறக்கவில்லை. ஒரு பாட்டி. மகள் இல்லை, பேரனை அவர்தான் வளர்க்கிறார். இரண்டு லட்சத்துக்குக் கீழ் வருமானச் சான்றிதழை லேமினேஷன் போட்டு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் கடைசியில் வந்தார். "இன்னும் திறக்கலை பாட்டி." மே மாதம் மூன்று தடவை வந்தார். ஜூனில் பள்ளி திறந்த அன்று வந்தார். அதே மாதம் ஹைகோர்ட் ஆர்.டி.இ. பங்கைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது, நானும் நம்பி "இந்தா வந்துடும் பாட்டி" என்றேன். நான் சொன்னதை நம்பி அவரும் காசு கட்டிச் சேர்க்கவில்லை, கட்ட அவரிடம் இல்லவும் இல்லை. பையனை அங்கன்வாடியில் விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அக்டோபரில்தான் வழி பிறந்தது. எப்படி? ஏற்கெனவே எல்.கே.ஜி.யில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. அதாவது ஜூனில் எப்படியோ புரட்டிக் கட்டினவனுக்கு இலவசம். கட்ட முடியாமல் காத்திருந்த பையன் பட்டியலிலேயே இல்லை. அன்று சாயந்திரம் பாட்டி கவுன்ட்டருக்கு வந்தார். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பீரோவில் ஏதோ தேடினேன். ஒன்றும் தேடவில்லை. அவர் போகும் வரை திரும்பவில்லை.

எல்.கே.ஜி. அப்பா:

கல்லாப்பெட்டி சார் அழ வைக்கப் பார்க்கிறார். பஸ் டிரைவர் கணக்கு சொன்னீர்களே, நாங்கள் கட்டும் கணக்கையும் சொல்லுங்கள். என் பையன் 2023-ல் குலுக்கலில் தேர்வானவன். பள்ளி ஹாலில் பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டைப் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். என் பையன் பெயர் வந்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். அடுத்த வாரமே புத்தகம், சீருடை, ஷூ, "ஆக்டிவிட்டி" என்று ஒரு தாள். ஆக்டிவிட்டி என்றால் என்ன சார்? ஒரு வருடம் முழுக்க ஒரே ஒரு நாள் மண்பானைக்குப் பெயின்ட் அடித்தான்.

இதுகூடப் பரவாயில்லை. இரண்டாம் பருவம் தொடங்கியபோது புத்தகப் பணம் தாமதமானது. வீட்டுக்கு வந்து பையன் விளையாட்டுப் போல நடித்துக் காட்டுகிறான். மிஸ் மாதிரி கையைத் தட்டி, "ஆர்.டி.இ. கிட்ஸ், ஸ்டேண்ட் அப்" என்கிறான். தங்கச்சிப் பாப்பாவை எழுந்து நிற்கச் சொல்கிறான். அவனுக்கு அது என்னவென்று தெரியாது, அது தன் பிரிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் மாதிரி. அப்போது யாராவது எந்த கிளாஸ் என்று கேட்டால், "எல்.கே.ஜி., ஆர்.டி.இ." என்பான்.

கல்லாப்பெட்டி:

எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. எங்கள் பள்ளியில் நிற்க வைப்பதில்லை. பணம் கேட்கிறோம், அது உண்மை. அரசு தருவதில் புத்தகம் அடங்குமா இல்லையா என்று எங்களுக்கும் தெளிவாகச் சொல்லித் தொலைத்தால் தேவலை.

வரி கட்டுபவன்:

இதற்குத்தான் சொன்னேன். எதை இலவசம் என்றாலும் நடுவில் நாலு பேர்.

சாம்பார் கரண்டி:

நடுவில் நாலு பேரில் நானும் ஒருத்திதான் தம்பி. சத்துணவு அமைப்பாளர். 1982-ல் எம்.ஜி.ஆர். திட்டம் வந்தபோது என் அம்மா இதே மையத்தில் ஆயா, நான் அங்கே சாப்பிட்டு வளர்ந்தவள். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை வந்துவிடும். காய்கறி, தாளிதம், விறகு அல்லது காஸ், இதற்குத்தான் உணவூட்டுச் செலவினம் என்று தலைக்குச் சில்லறைக் கணக்கில் கொடுப்பார்கள். டெல்லிக் கணக்கையே பாருங்கள், தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாள் சமையல் செலவு 2022 அக்டோபரில் 5.45 ரூபாய், அது 6.19 ஆனது 2024 டிசம்பரில். நடுவில் இரண்டு வருடம் சந்தை சும்மா இருந்ததா?

2023 ஜூலை. தக்காளி நூறைத் தாண்டிய மாதம், ரேஷன் கடையிலேயே 60 ரூபாய்க்கு விற்றார்களே, அப்போது. எங்கள் பட்டியலில் அந்த வாரம் தக்காளி மசாலா முட்டை. பட்டியல் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும், அழிக்க முடியாது. நான் மூன்று தக்காளி வாங்கினேன். மூன்று. 54 பிள்ளை. புளியைக் கரைத்து, மிளகாய்த் தூளைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுச் சிவப்பாக்கினேன். பார்வைக்கு அப்படியே இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன், இப்போதுதான் வாசிக்கப் பழகியவன், தட்டோடு சுவருக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். "தக்-கா-ளி ம-சா-லா." திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடப் போய்விட்டான். சொல்லியிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

அன்றைக்கு மட்டும் கைக்காசு போடவில்லை. மற்ற நாள் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஏன் போடவில்லை என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

ஓய்வு பெற்றவன்:

சத்துணவுக்கு எம்.ஜி.ஆர். என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள் அம்மா. காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது 1956-ல். அதற்கும் முன்னால் 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் கொடுத்தார்கள். நான் சாப்பிட்டது கோதுமைச் சாதம், அமெரிக்கக் கோதுமை. வீட்டுத்தோட்டம் போடலாமே? பள்ளியில் நாலு தக்காளிச் செடி

சாம்பார் கரண்டி:

ஆடு மேய்ந்துவிடும் சார். சுற்றுச்சுவர் இல்லை. அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

வரி கட்டுபவன்:

சரி, ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். ஆனால் கேள்வி கேள்விதான். நாட்டு வருமானத்தில் 6% கல்விக்கு என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் சொன்னதை 2020 கல்விக் கொள்கையிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அறுபது வருடமாக எட்டாத ஒரு எண்ணை எழுதிக்கொண்டே இருப்பதற்கு எதற்கு ஒரு கொள்கை? குழுத் தலைவி அக்கா, அந்தக் கடைக்காரர் நம்பர் கிடைக்குமா? 6,400தானே. நான் போட்டுவிடுகிறேன். பெயர் எங்கேயும் வர வேண்டாம்.

குழுத் தலைவி:

நீங்கள் கேட்டதே போதும் தம்பி. டீச்சர் தன் சம்பளத்திலிருந்து இரண்டாயிரம் கொடுத்தார். மீதியை இந்த வருட லிமிட்டில் எப்படியாவது கழித்துவிடலாம் என்கிறார். போன வருடப் பில்லை இந்த வருடம் போடலாமா கூடாதா என்று மேலே கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை.

ஓய்வு பெற்றவன்:

கூடாது.

ஈராசிரியர் பள்ளி:

சார், தயவுசெய்து.

வரி கட்டுபவரே, நீங்கள் அந்த அக்காவுக்குக் கொடுப்பது நல்ல மனசு, குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே எழுதிய ஒவ்வொருவர் கதையிலும் கடைசியில் யாரோ ஒருவர் பாக்கெட்டுக்குள் கைவிடுகிறார், கவனித்தீர்களா? கடைக்காரர், டீச்சர், சத்துணவு அம்மா, இப்போது நீங்கள். எங்கள் பள்ளியில் இணையக் கட்டணம் நான் கட்டுகிறேன். ஸ்மார்ட் போர்டு கொடுத்தார்கள், நல்ல விஷயம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, நெட் இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளைப் பலகை. மாதா மாதம் என் போனுக்குத்தான் குறுஞ்செய்தி வருகிறது.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தீர்கள். திருப்பூரில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு வகுப்பிலேயே எங்கள் மொத்தப் பள்ளியை விட அதிகம் பேராம். அவள் அம்மா போன வாரம் போன் செய்தார், எமிஸில் இன்னும் எங்கள் பள்ளியிலேயே பெயர் நிற்கிறது, புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும்படி பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடுங்கள் என்று. நான் அன்றைக்கே மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் மாற்றவில்லை. டிசி மட்டும்தான் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

குழுத் தலைவி:

அப்போது செப்டம்பர் 30 கணக்கில் எத்தனை பேர் டீச்சர்?

ஈராசிரியர் பள்ளி:

எமிஸில் 31தான் போயிருக்கிறது. மானியம் இன்னும் வரவில்லை. வந்தால்தான் தெரியும்.

ஓய்வு பெற்றவன்:

உடனே வட்டார அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகத் தெரியப்படுத்துங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

ஈராசிரியர் பள்ளி:

எழுதிவிட்டேன் சார். மேசை மேல்தான் இருக்கிறது. நாளைக்குக் கொண்டு போக வேண்டும்.